உடுத்தினால் ஆடவும் வேண்டும்

போன சனிக்கிழமை இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தில் எங்கள் குழு பழைய இங்கிலீஷ் நடனங்களை ஆடியது. 40 நிமிடம் என்று அழைத்தவர்கள் மூன்று மாதம் முன்பே பேசியிருந்தார்கள். அன்று மதியம் போய் இறங்கியதும், "15 நிமிடம் ஆடினால் போதும், மீதி நேரம் வந்தவர்கள் உங்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார்கள். ஒவ்வொரு நடனத்துக்கும் முன்னால் அது எந்தக் காலத்தது என்று இரண்டு வரி சொல்வோம். அதுவும் வேண்டாமாம். வெயிலில் கம்பளிப் பாவாடையும் இறுக்கிக் கட்டிய மேலுடையுமாக நின்றுகொண்டு சரி என்று தலையாட்டினோம். வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகியும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஆறு வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் ஒரு தேவாலயக் கூடத்தில் இங்கிலீஷ் கன்ட்ரி டான்ஸ் ஆடுகிறேன், ஜோடி ஜோடியாக வரிசையிலோ வட்டத்திலோ சேர்ந்து ஆடும் பழைய நடனம். பயிற்சிக்கு யாரும் வேடம் கட்டி வருவதில்லை, ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும்தான். நிகழ்ச்சி என்றால்தான் பழைய கால உடை. அதனால் ஒரே நடனத்தை இரண்டு விதமாகவும் ஆடிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த உடை அலங்காரத்துக்கு மட்டும் வந்ததில்லை. நடனத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. 1651ல் லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் என்ற பதிப்பாளர் 'தி இங்கிலீஷ் டான்சிங் மாஸ்டர்' என்று ஒரு புத்தகம் போட்டார். அரசர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நாடக அரங்குகளை மூடி ஒன்பது வருடம். அந்த இறுக்கமான காலத்தில் 105 நடனங்கள் கொண்ட ஒரு புத்தகம் வந்து, விற்று, பிறகு 1728 வாக்கில் 18ஆம் பதிப்பு வரைக்கும் போனது. ஒவ்வொரு நடனத்துக்கும் மேலே ஒற்றை வரி மெட்டு, கீழே நாலைந்து வரிக் குறிப்பு. அவ்வளவுதான்.

அந்தக் குறிப்புகள் நம் பாட்டிகள் சொல்கிற சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். "தாளிச்சு இறக்கு" என்பார்கள். எவ்வளவு எண்ணெய், கடுகா சீரகமா, எதுவும் இருக்காது. கேட்கிறவளுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. பிளேஃபோர்டும் அப்படித்தான், "சைட்ஸ்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார். 1911ல் நாட்டுப்புற நடனங்களைச் சேகரித்த செசில் ஷார்ப் இந்த நடனங்களை மீட்டு எழுதத் தொடங்கியபோது அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரே ஊகிக்க வேண்டியிருந்தது. எதிரே நிற்பவரைச் சுற்றி வளைந்து கடந்து, மறுபடி தன் இடத்துக்கே திரும்புவதாக வைத்துக்கொண்டார். அப்புறம் பேட் ஷா என்பவர், கடக்க வேண்டாம், தோளோடு தோள் பக்கத்தில் வந்து நின்று அப்படியே பின்வாங்கினால் போதும் என்றார். இன்றைக்கும் இரண்டையும் ஆடுகிறோம். எந்த முறை என்று முதலில் கேட்டுக்கொள்ளாவிட்டால் நடுவில் முட்டிக்கொள்வோம்!

சரி, உடைக்கு வருகிறேன். 'கிரிம்ஸ்டாக்' என்று ஒரு நடனம், பிளேஃபோர்டின் முதல் பதிப்பிலேயே உண்டு. மூன்று ஜோடிகள் ஒரே வரிசை. மூன்று சுற்றிலும் 'ஹே' என்ற பின்னல் வரும். ஜடை பின்னும்போது ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே போகுமே, அது மாதிரி ஜோடிகள் ஒன்றையொன்று தாண்டிப் போவது. முதல் சுற்றில் ஜோடிகள் விலகிச் சேர்ந்து பின்னுவார்கள். இரண்டாம் சுற்றில் ஒரு ஜோடி கையைத் தூக்கி வளைவு பிடிக்க, இன்னொரு ஜோடி அதற்குள் நுழைந்து போகும். ஜீன்ஸ் போட்டு ஆடும்போது நான் இடுப்பை வளைத்துக் குனிந்துதான் நுழைவேன். 1650களின் மேலுடையில் அது நடக்காது. மார்பிலிருந்து இடுப்புவரை உள்ளே விறைப்பாகக் குச்சி வைத்துத் தைத்திருக்கும், முதுகு மடங்காது. முட்டியைத்தான் மடக்க வேண்டும். முதல் தடவை அப்படி முட்டியை மடக்கி, முதுகு நேராக, தலை நிமிர்ந்து அந்த வளைவுக்குள் போனபோது, அதுவரை வெறும் குனிவாக இருந்தது தானாகவே ஒரு தாழ்ந்து எழும் அடவாக மாறியதை உணர்ந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மேலுடை சொல்லிக்கொடுத்தது. எதிரே வளைவு பிடித்திருந்தவரின் முகத்தையும் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்த இடத்தில் நான் தரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

ரீஜன்சி காலத்துக்கு, அதாவது 1810களுக்கு வந்தால் உடம்பு வேறு மாதிரி ஆகிவிடும். கவுனின் முதுகு குறுகலாக இருக்கும், கை பின்னால் தள்ளித் தைத்திருக்கும். தோள் தானாகப் பின்னுக்குப் போகும், கையைத் தலைக்கு மேல் சுலபமாகத் தூக்க முடியாது. ஆண்களின் கோட்டும் அப்படித்தான். காலில் குதிகால் இல்லாத மெல்லிய ஷூ, மரத்தரையின் ஒவ்வொரு பலகையும் பாதத்தில் தெரியும். அந்த ஷூவில் தொம் தொம்மென்று நடக்கவே முடியாது. அந்தக் காலத்து நடன ஆசிரியர் தாமஸ் வில்சன் எழுதி வைத்த துள்ளல் அடிகள் ஏன் அத்தனை இலேசானவை என்று அப்போதுதான் காலுக்குப் புரிகிறது.

இதனால்தான் உடையின் காலமும் நடனத்தின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கிறேன். சனிக்கிழமை எங்களிடம் கேட்டது 'மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட்' என்ற நடனம். ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து 1995ல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் வந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. அருமையான நடனம், எனக்கும் உயிர். ஆனால் அது அச்சானது 1695ல். கதை நடக்கும் காலத்தில் அது நூறு வருடப் பழசு. அதை ரீஜன்சி உடையில் ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, தாராளமாக ஆடலாம். "இது எங்கள் உடையைவிட நூறு வருடம் மூத்தது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஆடலாம், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் எங்களை விடவில்லை. பார்வையாளர்களுக்குச் சலிக்குமாம். எனக்குத் தெரிந்து சலித்ததே இல்லை. பாதிப் பேர் ஆடி முடித்ததும் ஓடி வந்து கேட்பது அதைத்தான்.

ஊரில் அத்தை ஒருமுறை போனில், "வெள்ளைக்காரன் ஆட்டம் உனக்கெதுக்குடி?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் தைத்து வைத்திருக்கும் 1780களின் கவுனைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைத் துணியில் சிவப்புப் பூவும் கொடியும். அந்த மாதிரித் துணி சோழமண்டலக் கரையிலிருந்துதான் இங்கே வந்தது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு என்று கப்பலேறிய சாயத் துணி. இங்கிலாந்தின் நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கொதித்து, 1721ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். உடுத்தினால் 5 பவுண்டு அபராதம். 1774ல்தான் அந்தத் தடை போனது. "அப்போ நம்ம துணிதானா அது?" என்றார் அத்தை. அப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. எந்தச் சாயம், எப்படித் துவைக்கிறாய் என்று அரை மணி நேரம் பேசினோம்.

அந்தக் கவுனை முழுக்கக் கையால் தைக்க எனக்கு ஒரு குளிர்காலம் போனது. அதை உடுத்திப் போன முதல் நடன விருந்திலேயே, வரிசையை விட்டு வெளிப்பக்கமாகச் சுற்றி இறங்கும்போது பின்னால் வந்தவர் விளிம்பை மிதித்துவிட்டார். இடுப்பில் சுருக்கிட்ட இடம் ஒரு சாண் கிழிந்தது. ஓரமாகப் போய் ஊசி வைத்துக் குத்திக்கொண்டு அடுத்த நடனத்துக்கு வந்துவிட்டேன். இப்போது அந்த இடத்தில் உள்பக்கம் நாடா வைத்துத் தைத்திருக்கிறேன், விளிம்பை இரண்டு விரல் ஏற்றியிருக்கிறேன். ஆடுகிறவளின் கவுனுக்கும் படத்துக்கு நிற்கிறவளின் கவுனுக்கும் வித்தியாசம் அந்த நாடாவில் தெரியும்.

உடையை மட்டும் விரும்பித் தைத்து உடுத்தி வருகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. பாத் நகரத்தில் செப்டம்பரில் நடக்கும் ஜேன் ஆஸ்டின் விழாவில் நூற்றுக்கணக்கானோர் ரீஜன்சி உடையில் ஊர்வலம் போவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நான் கேட்பது, ஆட வந்தவர்களைப் பொம்மையாக நிறுத்தாதீர்கள் என்பதுதான். இந்த நடனங்களில் பலவற்றுக்கு மேலே "எத்தனை பேர் வேண்டுமானாலும்" என்று பிளேஃபோர்டே போட்டிருக்கிறார். வரிசையின் தலையில் தொடங்கும் ஜோடி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடம் இறங்கி, கடைசியில் எல்லோருடனும் கைகோத்திருக்கும். தள்ளி நின்று பார்ப்பதற்காக அமைத்த ஆட்டம் இல்லை இது.

சனிக்கிழமையும் கடைசியில் அது நடந்தது. படம் எடுக்க வரிசை நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் வயலின்காரர் யாரையும் கேட்காமல் புல்வெளிச் சுவரில் உட்கார்ந்து 'செலிங்கர்ஸ் ரவுண்ட்' வாசிக்கத் தொடங்கினார். வட்ட நடனம். எட்டு எண்ணிக்கை இடப்பக்கம், எட்டு வலப்பக்கம், கைகோத்து நடுவுக்கு, மறுபடி வெளியே. ஐந்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் என் கையைப் பிடித்தாள், அவள் பின்னால் அவள் தாத்தா. மெட்டு மூன்றாம் முறை வருவதற்குள் வரிசையே காணோம், முப்பது பேருக்கு மேல் வட்டத்தில்.

அதனால் எங்களை மாதிரிக் குழுக்களை அழைக்கிறவர்களுக்கு: பேசிய நேரத்தைக் கொடுங்கள். குழியில்லாமல் வெட்டிய புல்லோ மரத்தரையோ, நிழலில் ஒரு குடம் தண்ணீரும் இருக்கட்டும். எந்தக் காலத்து நடனம் என்று சொல்ல விடுங்கள். கடைசி நடனத்தை வந்தவர்களோடு சேர்ந்து ஆட விடுங்கள். படத்தை அதற்கப்புறம் எடுங்கள். முகம் வியர்த்து, தொப்பி கோணலாகி, கவுன் விளிம்பில் புல் ஒட்டியிருக்கும். அந்தப் படத்தில் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.