மொய் நோட்டுக்கும் ஓர் அலமாரி வேண்டும்

போகிக்கு முந்தின வாரம் பழைய பேப்பர் கடைகளைப் பாருங்கள். பரணில் கிடந்த ட்ரங்குப்பெட்டிகளெல்லாம் இறங்கியிருக்கும். உள்ளே இருந்தது எடைக்குப் போகும், கடைக்காரர் வேண்டாம் என்றது விடியற்காலையில் எரியும். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏட்டுச் சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. துடித்த கதையை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். அதே நாம்தான் தாத்தா காலத்து மொய் நோட்டைக் கூசாமல் தராசில் வைக்கிறோம். இலக்கியம் என்றால் பொக்கிஷம், வீட்டுக் கணக்கு என்றால் குப்பை. இந்தப் புத்தி வீடுகளில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. நம் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

மொய் நோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை அதைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். பெயர், ஊர், என்ன முறை, எவ்வளவு. அவ்வளவுதான். ஆனால் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கோடு போட்டால் அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு தூரத்துக்குப் பெண் கொடுத்தது, எடுத்தது என்பது கைக்கு வந்துவிடும். சாதிப்பெயர் ஒட்டிய பெயர்கள் எந்தத் தலைமுறையில் குறைகின்றன, யாருடைய மொய் தனியாகக் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது, எப்போது ‘ரங்கூன்’ என்ற ஊர்ப்பெயர் காணாமல் போகிறது, எப்போது ‘திருப்பூர்’ வருகிறது, எல்லாம் அதில் உண்டு. எங்கள் வீட்டு நோட்டு ஒன்றில் ஒரே ஆள் முதலில் ரங்கூன்காரராகவும், சில வருடம் கழித்து வெறும் உள்ளூர்க்காரராகவும் வருகிறார். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது காட்டுவழி நடந்தே திரும்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர் என்பது பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். நோட்டில் இருப்பது மொய்த் தொகை குறைந்தது மட்டும்.

மொய் நோட்டு ஒரு வகைதான். பாகப்பிரிவினைப் பத்திரம், புரோநோட்டு, நகரத்தார் வீட்டுப் பேரேடு, ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு, கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள், ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம் என்று பட்டியல் நீளும். கணக்குப்பிள்ளை வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ணம் வேலை பரம்பரையாக வந்த காலத்தில் ஊர்க் கணக்கு அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது நியாயமான முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசாங்கத்திடம் ஒப்படைத்தது போக வீட்டில் தங்கிய காகிதங்கள் ஏராளம். அவற்றில் ஆண்டு பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலி 1350 என்றால் 590 கூட்டி 1940-41 என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் மா, காணி என்ற பழைய அளவைகளில் இருக்கும், எண்கள் பல இடங்களில் தமிழ் எண்களாகவே இருக்கும். எழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கி எழுதும் கூட்டெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போனபிறகு காகிதம் இருந்தும் பயன் பாதிதான்.

குடும்பம் காப்பாற்றியதால் மட்டுமே நமக்குக் கிடைத்த வரலாறு உண்டா என்றால், புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1736இலிருந்து எழுதியவர் 1761இல் இறந்தார். கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அது பட்டது 1846இல். இடைப்பட்ட 85 ஆண்டுகள் அதைக் காத்தது எந்த நூலகமும் அல்ல, அந்த வீடு. கரையான் முந்திக்கொண்டிருந்தால் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியைக் கவர்னர்களின் கடிதங்களை வைத்து மட்டும்தான் பேசிக்கொண்டிருப்போம்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கி எறிந்ததையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபிறகு அந்த ஒரு லட்சம் உருப்படிகளை வாங்கிக் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது அவர்கள் பெருந்தன்மை. சிகாகோவுக்குத் தெரிந்த மதிப்பு சிவகங்கையைச் சுற்றி இருந்த எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் ஏன் தெரியவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மராட்டிய அரண்மனையின் மோடி ஆவணங்களை, அதாவது மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் இருந்த காகிதங்களைத் தமிழாக்கி வெளியிட்டது பெரிய காரியம். அரண்மனைக் காகிதத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை கீழவீதிக் கடைக்காரர் வீட்டுப் பேரேட்டுக்கும் வேண்டும் என்கிறேன். நண்பர் ஒருவர் தன் வீட்டுப் பெட்டியை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கப் போனார். ‘நூலாசிரியர் யார்?’ என்று கேட்டார்களாம். பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வாங்க முடியாதாம். பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. காகிதம் இருந்த வீடு என்றாலே பெரும்பாலும் நிலம் இருந்த வீடு. அந்தப் பெட்டிகளை மட்டும் சேர்த்தால் மிராசுதார் புராணம்தான் மிஞ்சும் என்று ஒரு தோழர் வாதாடினார். பாதி உண்மை. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகம் 1930இல் தென்மாநிலங்களுக்கான ஆவணத் தொகுப்பைத் தொடங்கியபோது, அதை உருவாக்கிய ஹாமில்டன் காரில் ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக் குடும்பங்களின் பெட்டிகளை அள்ளிவந்தார். சேர்த்தது எஜமானர்களின் பெருமைக்காகத்தான். ஆனால் ஏறத்தாழ 900 பேரை அடிமைகளாக வைத்திருந்த கேமரன் குடும்பத்தின் காகிதங்களில் அந்த மனிதர்களின் பெயர்ப் பட்டியல்களும் இருக்கின்றன. இன்று கறுப்பினத்தவர் தங்கள் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடி அங்கேதான் வருகிறார்கள். கணக்கு எழுதியவன் நினைக்காத வாசகர்கள்.

நம்மிடமும் ஆளை அடிமையாக எழுதிக்கொடுத்த ஆளடிமை ஓலைகள் உண்டு. அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கிய 1843 சட்டம் வந்தபிறகும் பண்ணையாள் கடன் கணக்குகள் தொடர்ந்தன. ‘குடும்ப மானம் போய்விடும்’ என்று முதலில் கிழிக்கப்படுவது இவைதான். தயவுசெய்து கிழிக்காதீர்கள். உங்கள் வீட்டு அவமானம் இன்னொருவருக்குத் தன் முன்னோர் பெயர் கிடைக்கும் ஒரே இடமாக இருக்கலாம். மறுபக்கம், சேரியில் பெட்டியே கிடையாது என்பதும் சரியல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இலிருந்து தலித் மக்களுக்குக் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் ஒற்றைத் தாளைத் தகர டப்பாவில் மூன்று தலைமுறையாகக் காக்கும் வீடுகள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

‘கொடுத்தால் திரும்ப வருமா, சொத்து வழக்கில் சிக்குமா’ என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களைத் தேடிப் படமெடுத்தது. மூலத்தைப் பிடுங்கிப் போகாமல் நகலை மட்டும் பொதுவில் வைக்கும் முறை அது. மூலத்தையே கொடுப்பவர்களுக்கும் நிபந்தனை போடும் உரிமை வேண்டும்: இந்தக் கட்டை இத்தனை வருடம் திறக்கக் கூடாது, இந்தக் கடிதங்களை உறவினர் சம்மதத்தோடுதான் காட்டலாம் என்று எழுதி வாங்கிக்கொள்வது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சர்வசாதாரணம். இங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓர் அறை, ஒரு ஸ்கேனர், கூட்டெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர், அவரிடம் கற்றுக்கொள்ள நாலு முதுகலை மாணவர்கள். வரலாற்றுத் துறையில் வருடா வருடம் அதே சோழர் நீர்ப்பாசனத்துக்கு முனைவர் பட்டம் கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்தாலே ஆள் கிடைப்பார்கள். (சோழர் ஆய்வாளர்கள் சண்டைக்கு வரலாம், காத்திருக்கிறேன்.)

அதுவரை வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். லேமினேஷன் போடவே போடாதீர்கள், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. செல்லோ டேப், ரப்பர் பேண்டு, குண்டூசி மூன்றும் எதிரிகள். கட்டு எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே இருக்கட்டும், அழகுக்காகத் தேதி வாரியாகப் பிரிக்காதீர்கள். எந்தத் தாளோடு எந்தத் தாள் கிடந்தது என்பதும் ஒரு தகவல். போட்டோ எடுத்து வையுங்கள். பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் நிற்பது யார், எந்த ஊர் என்று கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் லேசாக எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.