மின்தடை குறைந்த இடமெல்லாம் வெந்நீர் இல்லை
புவிவெப்ப ஆற்றலுக்காக, நிலத்தடியின் மின்தடையை அளந்து (இதுதான் சர்வே) வெந்நீரைத் தேடுவது பற்றிய ஒரு கட்டுரையில், 'மின்தடை மிகக் குறைவாகத் தெரியும் இடமே வெந்நீர்த் தேக்கம்' என்று வருவதை அப்படியே ஏற்க முடியவில்லை. எரிமலைப் பகுதிகளில் அப்படித் தெரிவது பெரும்பாலும் தேக்கத்துக்கு மேலே மூடிபோலக் கிடக்கும் களிமண்தான். சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, பாறை வெந்நீரில் ஊறி ஸ்மெக்டைட் களிமண்ணாக மாறும்; அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதற்கு மேல் சூடு ஏறினால் குளோரைட் போன்ற கனிமங்கள் உருவாகி மின்தடை மறுபடி கூடிவிடும். நாம் தேடுகிற சூடு அங்கேதான், மூடிக்கு அடியில். இன்னொரு தொல்லை, பாறை ஆறிப்போன பிறகும் அந்தக் கனிமங்கள் அப்படியே இருக்கும்; கருவி காட்டுவது இன்றைய சூடா, பழைய சூட்டின் தடமா என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அடியில் உப்புநீர் இருந்தாலும் மின்தடை குறைவாகவே தெரியும். ஐஸ்லாந்தின் கிராஃப்லா எரிமலைப் பகுதி பல்லாண்டுகளாக அலசி ஆராயப்பட்ட இடம். அங்கேயே 2009-ல் 4.5 கி.மீ. ஆழத்துக்குத் திட்டமிட்ட துளை, சுமார் 2.1 கி.மீ.யிலேயே, எதிர்பாராமல், மாக்மாவில் (உருகிய பாறையில்) போய் முட்டியது! அப்புறம், 'வெந்நீர் ஊற்றுக்கு நேர் கீழேயே துளை போட வேண்டியதுதானே, சர்வே எதற்கு' என்று கட்டுரையைப் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். வெந்நீர் பிளவுகள் வழியே பக்கவாட்டில் சில கிலோமீட்டர் ஓடிவந்தும் வெளிப்படலாம். முதலில் ஊற்று நீரில் சிலிக்கா அளவையும் சோடியம்-பொட்டாசியம் விகிதத்தையும் பார்த்து அடியில் எவ்வளவு சூடு என்று கணிப்பார்கள். அந்தச் சூடு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தேடத்தான் சர்வே.