அந்த சுவிட்ச் அனுமதி மட்டும்தான்

ஆண்ட்ராய்டு போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் அமைப்பில் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ சுவிட்சைப் போட்டாலே பூட்லோடர் (போனைத் துவக்கிவைக்கும் மென்பொருள்) பூட்டு திறந்துவிடும், போனில் உள்ள படங்களும் அழியாது என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது திறப்பதற்கான அனுமதி மட்டுமே. படங்கள் தப்புவதும் அதனால்தான், பூட்டு இன்னும் திறக்கவே இல்லை.

கூகுளின் பிக்ஸல் போன் வைத்திருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம். சுவிட்சைப் போட்டு, போனை அணைத்து, பவரையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். திரையில் வரும் ‘டிவைஸ் ஸ்டேட்’ வரியில் ‘லாக்டு’ (பூட்டியிருக்கிறது) என்றே இருக்கும். கணினியில் இணைத்து ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்’ கட்டளை கொடுத்து, போனிலும் உறுதி செய்தால்தான் திறக்கும். எல்லாம் அழியும் என்று அப்போது போனே எச்சரிக்கும்.

சிங்கப்பூரின் மின்னணுக் கடை வளாகமான சிம் லிம் ஸ்குவேரில் பழைய போன் பார்ப்பவர்களும் அந்த வரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.