யூனிட்டா பிளாக்வெல் பற்றி ஒரு திருத்தம்

ஓர் அஞ்சலிப் பதிவில் ஒருவர், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய யூனிட்டா பிளாக்வெல்லை ‘அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் மேயர்’ என்று எழுதியிருக்கிறார். அஞ்சலி சொல்லும் மனசு புரிகிறது, ஆனால் தகவல் தவறு. 1976-இல் மேயர்ஸ்வில் ஊரின் மேயரானபோது, அவர் மிசிசிப்பி மாநிலத்தின் முதல் கறுப்பினப் பெண் மேயர். ஓக்லஹோமாவின் டாஃப்ட் என்ற சிற்றூரில் லீலியா ஃபோலி என்ற கறுப்பினப் பெண் 1973-லேயே மேயராகிவிட்டார்.

அதனால் பிளாக்வெல்லின் பெருமை துளியும் குறையாது. பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவர் அவர். 1964-இல் வாக்காளராகப் பதியப் போனபோது, மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். கறுப்பின மக்களை வடிகட்டவே வைத்த தேர்வு அது. முதல் முயற்சியில் தேறவில்லை, விடாமல் திரும்பத் திரும்பப் போய்த்தான் பதிந்தார். அப்புறம் கிராமம் கிராமமாக நடந்து மற்றவர்களையும் பதிய வைத்தார், அதற்காகப் பலமுறை சிறைக்கும் போனார்.

மேயரானதும் முதல் வேலையாக, சில நூறு பேரே வாழ்ந்த அந்த ஊரைச் சட்டப்படி நகராட்சியாகப் பதிவு செய்ய வைத்தார். அப்போதுதான் கூட்டாட்சி அரசின் நிதி கேட்க முடியும். குழாய்த் தண்ணீர், கழிவுநீர் வசதி, தார்ச்சாலை, ஏழைகளுக்கு வீடு என எல்லாம் அந்த வழியில் வந்தவை. 2019 மே மாதம் தன் 86-வது வயதில் காலமானார். பதிவில் ‘மிசிசிப்பியின் முதல்’ என்று மட்டும் மாற்றிவிடுங்கள்.