எத்தனை கோல் என்று கேட்பதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு மேடையில் நடந்ததை நம்ம ஊர் வாட்ஸப் குரூப்புகளில் இருக்கும் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள், சிரிக்கும் பொம்மை போட்டு. எழுவர் கால்பந்துப் போட்டியில் ஜெயித்த பசங்க வியர்வை காயாமல் கோப்பையோடு நிற்கிறார்கள். மைக்கைப் பிடித்த பெரியவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, கடைசியாக, "நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் பெங்களூர்ல போய் ஒரு சீசன் ஆடினான். அப்புறம் ஆளையே காணோம். நீங்களும் அப்படி ஆயிடாதீங்க, ஒழுங்கா படிங்க" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. கோப்பையைப் பிடித்திருந்த பையனும் சிரிக்கிறான், பெரியவர் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம் இல்லையா.

பெரியவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. என்னைவிட மூத்தவர், ஊருக்கு நல்லது செய்தவர். ஆனால் அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை.

யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். கண்டனூர் தம்பி சிவசக்தி நாராயணன். காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து கிளம்பிப்போய், நாட்டின் முதல்நிலை கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) பெங்களூரு எஃப்.சி.க்கு முன்கள வீரராக இறங்கியவர். 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை ஃபைனல். 1888இல் தொடங்கிய போட்டி அது, ஆசியாவிலேயே பழையது. மும்பை சிட்டிக்கு எதிராக பெங்களூரு 2-1 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தின் முதல் கோல் நம்ம தம்பியுடையது. பரிசளிப்பில் புகைப்படத்துக்காக ஒரு முக்கியப் புள்ளி, கேப்டன் சுனில் சேத்ரியைக் கையால் ஒதுக்கிய வீடியோ நாடு முழுக்க ஓடியதே, அதே மேடைதான். அன்றைக்கு நாம் எல்லாரும் கோபப்பட்டோம். ஆட்டக்காரனை மதிக்கத் தெரியாதவர்கள் என்று எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை நம்ம மேடையில் நடந்தது அதைவிட எந்த விதத்தில் மேல்? அங்கே கையால் ஒதுக்கினார்கள், இங்கே மைக்கால்.

அந்த 2022-23 சீசனில் ஐ.எஸ்.எல்.லில் ஆறு கோல். வளர்ந்து வரும் சிறந்த வீரர் விருது. இதெல்லாம் எழுதி வைத்திருக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். எழுத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். சீசனின் கடைசிக் கட்டத்தில், இந்தியாவின் எல்லாக் காலத்துக்கும் பெரிய கோல்காரரான சேத்ரி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, வெளிநாட்டு முன்கள வீரர் ராய் கிருஷ்ணாவோடு முன்னால் இறங்கியது 21 வயது சிவசக்தி. பயிற்சியாளர் சைமன் கிரேசன் ஏன் அப்படி நிறுத்தினார்? கோல் எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை. எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரரான சென்டர் பேக்கை நிம்மதியாகப் பந்தை வைத்திருக்க விடாமல் துரத்துவது, கோல்கீப்பர் வரை ஓடிப்போய் நெருக்குவது, பந்து வரவே வராது என்று தெரிந்தும் ஓரத்துக்கு ஓடி ஒரு டிஃபெண்டரைக் கூடவே இழுத்துக்கொண்டு போய் நடுவில் இன்னொருவனுக்கு இடம் திறந்துவிடுவது. இதற்கு ஸ்கோர்போர்டில் வரி கிடையாது. ஆனால் தொண்ணூறு நிமிடம் முழுக்க இதுதான் முன்கள வீரனின் வேலை. கோல் என்பது அதற்குள் வரும் ஒன்றிரண்டு விநாடி.

2023 மார்ச்சில் கோவாவில் ஐ.எஸ்.எல். ஃபைனல். ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே சிவசக்திக்குக் காயம், வெளியே வர வேண்டியதாகிவிட்டது. சேத்ரி உள்ளே போனார். 2-2, பெனால்டியில் தோல்வி. ஒரு சீசன் முழுக்க ஓடியவன் ஃபைனலை வெளியே உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சரி, அப்புறம் ஏன் அந்த அளவுக்குக் கோல் வரவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் கேட்கும்போது கூடவே இதையும் கேளுங்கள்: எத்தனை நிமிடம் இறக்கினார்கள்? எந்த இடத்தில் நிறுத்தினார்கள்? பந்து கொடுக்க யார் இருந்தார்கள்? அடுத்த சீசனில் ராய் கிருஷ்ணா ஒடிசா அணிக்குப் போய்விட்டார். பாதியில் பயிற்சியாளரை மாற்றினார்கள். அணி பத்தாவது இடத்தில் முடித்தது. அதற்கடுத்த சீசனுக்கு எட்கர் மெண்டெஸ், பெரேய்ரா டியாஸ் என்று இரண்டு வெளிநாட்டு முன்கள வீரர்கள் வந்தார்கள். சேத்ரி 40 வயதில் 14 கோல் அடித்தார். இவ்வளவு பேருக்கு நடுவே ஒரு இளம் ஆட்டக்காரனுக்கு எங்கே இடம்? இடம் கொடுத்தால்தானே கோல்.

இது சிவசக்தி கதை மட்டும் இல்லை. 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டினர் இறங்கலாம். இப்போது நான்கு. எந்தக் கிளப்பாக இருந்தாலும் அந்த வெளிநாட்டு இடங்களில் ஒன்றையாவது முன்களத்துக்குத்தான் முதலில் ஒதுக்கும். எலானோ, மெண்டோசா, மார்செலினோ, கோரோ, வால்ஸ்கிஸ், ஆங்குலோ, ஓக்பேச்சே, டியேகோ மவுரிசியோ, டயமண்டகோஸ், அஜராயே. 2024-25 வரை பதினோரு சீசனாக அதிக கோலுக்கான தங்கக் காலணியை வாங்கியவர்கள் இவர்கள். கோரோ மட்டும் இரண்டு முறை. இதில் ஒரு இந்தியப் பெயர் இருக்கிறதா? இல்லை. ஒரு நாட்டில் ஒருத்தன்கூட வாங்காத ஒன்றைக் கண்டனூர்ப் பையன் வாங்கவில்லை என்று சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? தேசிய அணியிலிருந்து ஓய்வு அறிவித்துவிட்டுப் போன சேத்ரியையே 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டு இறக்கினார்களே, ஏன்? அடுத்த ஆளை வளர்க்க யாரும் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

"திறமை இருந்தால் தானாக மேலே வருவான், சேத்ரி வரவில்லையா" என்று நண்பர் ஒருவர் குரூப்பில் எழுதியிருக்கிறார். அந்தச் சேத்ரியையே எடுத்துக்கொள்வோம். 2010இல் அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி கிளப்புக்குப் போனார். லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறக்கவில்லை. 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் போனார். பி அணியோடு சரி, முதல் அணிக்கு லீக்கில் ஆடவே இல்லை. அன்றைக்கு அவருக்கு 28 வயது. ஞாயிற்றுக்கிழமைப் பெரியவர் அன்றைக்கு ஒரு மேடையில் இருந்திருந்தால், "போனான், ஆளையே காணோம்" என்றுதான் சொல்லியிருப்பார். அதற்கப்புறம் 2013இல் பெங்களூரு வந்து என்ன செய்தார் என்பது நாட்டுக்கே தெரியும். இடம் கிடைத்தது, கோல் வந்தது.

என் கூடப்பிறந்த தம்பி கதையைச் சொல்கிறேன். இதைப் பொதுவில் எழுதியதே இல்லை.

அவனும் ஃபார்வர்டுதான். ஊரணிக்கரைப் பொட்டலில் செங்கல் வைத்துக் கோல் போஸ்ட் செய்து ஆடியவன். செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு கோல்கீப்பராக நின்று அவனுக்குப் பழக்கியது நான்தான். மாவட்ட அளவில் ஆடினான். சென்னையில் ஒரு பெரிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா நகையை வைத்துப் பணம் கொடுத்தார். அங்கே என்ன நடந்தது தெரியுமா? ஃபார்வர்டு இடத்துக்குக் கூட்டம் அதிகம் என்று அவனை ரைட் பேக்கில், அதாவது பின்னால் வலது ஓரத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினார்கள். பாதி ஆட்டம் அங்கே ஆடிவிட்டு வெளியே வந்தவனிடம் தேர்வாளர் கேட்ட ஒரே கேள்வி, "கோல் ஏதாவது அடிச்சியா?" ரைட் பேக்கில் நிறுத்திவிட்டு!

திரும்பி வந்தான். இப்போது புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா, "என்னப்பா, இன்னும் பந்துதானா?" என்று கேட்பார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துகொள்வான். அந்த வீடியோவை அவனுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி என்னிடம் போனில், "பெரியவர் சொன்னதுல என்னண்ணே தப்பு" என்றான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இவ்வளவு நாளாகக் கேட்டுக் கேட்டு அவனே நம்பிவிட்டான்.

"பெரியவர் படிக்கத்தானே சொன்னார், அதில் என்ன குற்றம்" என்பவர்களுக்கு: படிக்கச் சொல்லட்டும். ஆயிரம் தடவை சொல்லட்டும். வள்ளல் அழகப்பர் கல்லூரி கட்டிய மண் இது, படிப்பின் அருமையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். படி என்று சொல்வதற்கு ஒருத்தனை எதற்கு மேடையில் வைத்துக் கேலி செய்ய வேண்டும்?

"சம்பளம் வாங்கித்தானே ஆடுகிறார்கள், விமர்சனத்தைத் தாங்க வேண்டியதுதான்" என்று இன்னொருவர். 2025 ஆகஸ்டில் அடுத்த சீசன் நடக்குமா என்றே தெரியாத நிலையில், பெங்களூரு கிளப்பே முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. செப்டம்பர் வாக்கில் தொடங்க வேண்டிய லீக் அந்த ஆண்டு தொடங்கவே இல்லை. இந்த நாட்டில் கால்பந்து ஆடுகிறவனின் நிலைமை அது. சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், ஊரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம்ம ஆச்சிகளும் ஐயாக்களும் பர்மாக் கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கப்பலேறிப் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்து கொண்டுவிற்று வாழ்ந்தார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தான். நிலமும் கடையும் கணக்குப் புத்தகமும் அங்கேயே கிடக்க, காட்டு வழியாக நடந்தே திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களை யாராவது "போனான், ஒன்றும் கொண்டுவரவில்லை" என்று சொல்லியிருக்கிறோமா? இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும். கண்காணாத இடத்துக்குத் துணிந்து போவதை மதிக்கத் தெரிந்த ஊர் இது. அந்த மதிப்பில் கொஞ்சம் பந்தை நம்பிப் போகிற பையனுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

என் தம்பி ஆடிய அந்தப் பொட்டலில் இப்போது கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள். பசங்க ரோட்டோரம் ஆடுகிறார்கள், வண்டி வந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். ஒரு மைதானத்துக்கு வழி செய்யாத நாம், அங்கிருந்து முட்டி மோதி நாட்டின் பெரிய லீக் வரை போனவனைப் பார்த்து எத்தனை கோல் என்று கணக்குக் கேட்கிறோம். கேட்கும் உரிமை நமக்கு யார் கொடுத்தது? சிவசக்திக்கு என்னைத் தெரியாது, நான் எழுதுவது அவர் கண்ணில் படவும் வேண்டாம். ஆனால் அந்த மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பசங்க காதில் அந்த வார்த்தை விழுந்திருக்கிறது.

குரூப் அட்மின்களுக்கு என் வேண்டுகோள், அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்.

பெரியவருக்கும் ஒரு வேண்டுகோள். அண்ணாச்சி, கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை பசங்க ஆட்டம் இருக்கிறது. நானே வந்து வண்டியில் அழைத்துப் போகிறேன். ஆட்டம் முடியும்வரை பந்தைப் பார்க்காதீர்கள், முன்னால் நிற்கிற அந்த ஒரு பையனை மட்டும் பாருங்கள். எங்கெல்லாம் ஓடுகிறான், எத்தனை தடவை பந்து வராமலே திரும்பி வருகிறான் என்று பாருங்கள். பார்த்து முடித்த பிறகு உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ, அதை அந்தப் பசங்களிடமே மைக் இல்லாமல் சொல்லுங்கள்.