சுடாத துப்பாக்கி

ஒரு பிரச்சினையைப் பற்றி வீதி நாடகம் போட்டாலோ சுவரில் ஓவியம் வரைந்தாலோ, "விழிப்புணர்வு ஏற்படுத்திவிட்டோம்" என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. குடி கெடுதல் என்று குடிக்கிறவருக்குத் தெரியாதா என்ன? வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு அடி வலிக்கும் என்று யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. வடகிழக்கு பிரேசிலில் ஏழை விவசாயிகள் முன்னால் அவருடைய குழு நடித்தது. கடைசியில் நடிகர்கள் துப்பாக்கியை உயர்த்தி, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடினார்கள். விர்ஜிலியோ என்ற விவசாயிக்கு ஒரே உற்சாகம். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், நிலக்கிழாரின் ஆட்களை இப்போதே விரட்டிவிடலாம் என்றார். போவாலுக்குத் தர்மசங்கடம். இது நாடகத் துப்பாக்கி, சுடாது என்று விளக்கினார். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்றார் விர்ஜிலியோ. அதற்கும் மழுப்பல்தான் பதில். சிந்தச் சொன்னது தங்கள் ரத்தத்தை மட்டும்தான் என்பது அந்த விவசாயிக்கு அப்போது புரிந்தது.

சமூகத்துக்காகக் கலை செய்கிறோம் என்பவர்கள் எல்லோரும் இந்தக் கதையைக் கேட்க வேண்டும். தான் ஏற்காத ஆபத்தை அடுத்தவருக்குப் பரிந்துரைப்பது எவ்வளவு சுலபம்!

போவால் அதன்பிறகு அறிவுரை நாடகத்தை விட்டார். 1970களில் அவர் உருவாக்கிய வடிவத்தில், நாடகம் பிரச்சினை தீராமலே முடியும். பிறகு மறுபடி தொடங்கும். பார்ப்பவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறலாம், ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துப் பார்க்கலாம். எதிரே முதலாளியாகவோ கணவனாகவோ நடிப்பவர் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் எந்த வழி எடுபடும், எது அடி வாங்கித் தரும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் 1993 முதல் 1996 வரை ரியோ நகரமன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படி நடித்துப் பார்த்ததிலிருந்தே சட்ட முன்மொழிவுகள் எழுதினார். 13 சட்டங்கள் நிறைவேறின. மாநகராட்சி மருத்துவமனைகளில் முதியோர் நல மருத்துவர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. கைத்தட்டலோடு முடியாத கலை என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லாக் கலையும் சட்டமாக வேண்டும் என்று சொல்லவில்லை. 1987 அக்டோபரில் வாஷிங்டனில், எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயரோடு நண்பர்களும் குடும்பத்தாரும் தைத்த 1,920 துணிகளை விரித்து வைத்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, கிட்டத்தட்ட ஒரு கல்லறையின் அளவு. பலர் பெயர் சொல்லவே கூசிய நோய் அது. அங்கேயும் தைத்தது இழந்தவர்களின் கைதான்.

அதனால், இப்படியொரு திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்பதை நிறுத்தலாம். முடிவை யார் எழுதினார்கள், அதை மாற்ற அங்கிருந்தவர்களுக்கு உரிமை இருந்ததா, குழு கிளம்பிய பிறகு அவர்களோடு யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.