பாட்டிலில் பிறந்த சட்டை

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய டி-ஷர்ட் ஒன்றின் லேபிள் கண்ணில் பட்டது. ‘மறுசுழற்சி பாலியஸ்டர்’. வாங்கிய அன்று, யாரோ தூக்கிப்போட்ட சட்டைக்கு மறுபிறவி கொடுத்துவிட்ட பெருமை எனக்கு. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பெயரில் விற்பதில் மிகப் பெரும்பகுதி தண்ணீர் பாட்டிலை உருக்கி எடுத்தது. பழைய துணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாட்டிலாக இருந்தவரை அதை மறுபடி பாட்டிலாக்கியிருக்கலாம். சட்டையான பிறகு அதற்குப் போக்கிடம் பெரும்பாலும் குப்பைமேடுதான்.

துணியை மீண்டும் துணியாக்குவது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். பருத்தித் துணியை இயந்திரத்தில் பிய்த்தால் பஞ்சு வரும், ஆனால் நார் அறுந்து குட்டையாகியிருக்கும். அதை மட்டும் வைத்து உறுதியான நூல் நூற்க முடியாது. புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ சேர்க்க வேண்டும். சரி, சேர்த்தாயிற்று. அந்தக் கலப்புத் துணி அடுத்த முறை கழிவாக வரும்போது யார் பிரிப்பது?

ஜீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு இறுக்காமல் இருக்கப் பலவற்றில் சுமார் 2 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை. நமக்குச் சுகம், பிய்க்கும் இயந்திரத்துக்குத் தலைவலி: அறுபடாமல் ரப்பர் மாதிரி இழுபடும். பட்டன், ஜிப் எல்லாவற்றையும் நீக்கியாக வேண்டும். ‘100 சதவீதம் பருத்தி’ என்று லேபிள் சொன்னாலும் தையல் நூல் பல நேரம் பாலியஸ்டர்.

இதனால்தான் துணி வெட்டும்போது விழும் துண்டுகள் தங்கம். என்ன நூல், என்ன சாயம் என்பது முன்பே தெரியும். நாம் உடுத்திப் போட்டவை அப்படி இல்லை. ஹரியானாவின் பானிபட்டில் பல காலமாக உலகத்தின் பழைய கம்பளி உடைகளை நிறம்வாரியாகப் பிரித்து, புதிதாகச் சாயம் ஏற்றாமலே நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். அசாத்தியமான திறமை. அந்தத் தூசியைச் சுவாசிப்பவர்களின் நுரையீரலைப் பற்றித்தான் யாரும் லேபிளில் எழுதுவதில்லை.

பருத்தியைக் கரைத்துக் கூழாக்கிப் புது இழை எடுக்கும் வழியும் இருக்கிறது. ஸ்வீடனின் ரெனியூசெல் நிறுவனம் பெரிய ஆலையே கட்டி அதைச் செய்து காட்டியது. 2024 பிப்ரவரியில் திவாலானது. இழை வரவில்லை என்பதால் அல்ல, போதிய ஆர்டர் வரவில்லை. மேடையில் பசுமை பேசிய பிராண்டுகள் விலையைப் பார்த்ததும் பின்வாங்கின என்பதுதான் என் வாசிப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 முதல் துணிக் கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது விதி. நல்லது. ஆனால் சேகரித்ததை வாங்க ஆள் வேண்டுமே? பிரிக்க முடியாத கலப்பில் துணி நெய்கிறவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்காதவரை, தெருவுக்குத் தெரு பெட்டி வைத்துப் பயனில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த டி-ஷர்ட் இப்போது சமையலறையில் கைப்பிடித் துணி. பாலியஸ்டர் அல்லவா, தண்ணீரைக்கூட ஒழுங்காக உறிஞ்சுவதில்லை.